பில்சுன் கலக்கிய சிவப்புத் தண்ணீர்

முங்யோங் மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணமாகாதவர்களும், குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களும் ஓடையோரத்துத் தகரக்கூரை மெஸ்ஸில்தான் சாப்பிட்டார்கள். அங்கே சமையலுக்கு வந்து சேர்ந்தாள் மாங் பில்சுன். இன்னும் முப்பதைத் தொடாத வயது. கையில் ஒரு துணிமூட்டை, காலில் ரப்பர் செருப்பு. சொத்து என்று சொல்ல வேறு எதுவும் இல்லை, வாயைத் தவிர.

கிழக்குக் கடற்கரைக்காரி அவள். கணவாய் மீன் பிடிக்கப் போன புருஷன், கல்யாணமான மறுவருஷமே படகோடு திரும்பாமல் போய்விட்டான். மாமியார் வீட்டில் "இவ காலெடுத்து வச்ச நேரம்" என்று ஆரம்பித்தார்கள். பில்சுன் எதிர்த்துப் பேசவில்லை. கடல் கண்ணிலேயே படாத ஊருக்குப் போகிற பஸ் எது என்று விசாரித்து, அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மெஸ் முதலாளியம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வந்த வாரமே பேச்சை எடுத்தாள்.

"இங்க ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. நல்லவனா ஒருத்தனப் பாத்துக் கட்டிக்கடி. எத்தன நாளைக்கு அடுப்பையே பாத்துக்கிட்டு இருப்ப?"

"கட்டிக்கிறேன். ஆனா சுரங்கத்துக்குள்ள எறங்குறவன் மட்டும் வேணாம். ஒருத்தனத் தண்ணி முழுங்கிடுச்சு. இன்னொருத்தன மண்ணுக்குத் தூக்கிக் குடுக்க என்னால ஆகாது."

அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடுகிற கூட்டத்துக்கு நடுவில் நின்று இதைச் சொன்னாள். யாரோ ஒருவன், "அப்ப நாங்கல்லாம் இப்பவே செத்துட்டோமா அக்கா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் தோ சாங்பே. வெடி வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அதிகம் பேசமாட்டான், பேசினாலும் ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் ஒருமுறை தங்கிவிட்டுத்தான் வெளியே வரும். அதனால் தலையாட்டலிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன்.

பில்சுன் அந்த ஊர் வழக்கங்களைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தில் சோறு போடும்போது நாலு கரண்டி போடக்கூடாது, அது சாவு எண். காலை ஷிப்ட் போகிறவர்களின் காதில் விழும்படி பாத்திரத்தை உடைக்கக்கூடாது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தாள். அவளுக்குப் பிடிபடாதது கோடைகாலம்தான். ஜூலை பிறந்தது முதல் ஆட்களுக்குச் சோறு இறங்கவில்லை. தரைக்கடியில் வெந்து வெளியே வந்தவர்கள் இருமிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், கிண்ணம் அப்படியே இருக்கும்.

மருந்துக்கடைக்காரர் ஒரு பை காய்ந்த ஓமிஜாப் பழம் கொடுத்து, "இருமலுக்கு இத விட்டா வேற இல்ல" என்றார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, கருஞ்சிவப்பு, சுருங்கிப்போனது. இனிப்பு, புளிப்பு, கசப்பு, காரம், உப்பு ஐந்தும் அந்த ஒரு பழத்துக்குள்ளேயே இருக்கிறது என்பார்கள். பார்லித் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவில் அதைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். வாயில் வைத்த முதல் ஆள் ஓடைப்பக்கம் எழுந்து ஓடினான்.

"அக்கா, எங்களச் சுரங்கம் கொல்றதுக்கு முன்னாடி நீங்களே முடிச்சிருவீங்க போலருக்கே."

"வெடிமருந்தக் கரைச்சா இப்படித்தான் இருக்கும்."

பில்சுனுக்கு முகம் சிவந்துவிட்டது. அண்டாவைத் தூக்கிக் கொட்டப் போனபோது, பின்வாசலில் சாங்பே நின்றுகொண்டிருந்தான்.

"கொ... கொதிக்க வைக்கக்கூடாது."

"என்ன?"

"பச்சத் தண்ணில. ராத்திரி பூரா ஊறணும்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. போய்விட்டான்.

அன்றிரவு ஊறப்போட்டாள். காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் மாதுளை முத்தின் நிறத்தில், அடிப்பாகம் தெரிகிற தெளிவோடு இருந்தது. வடிகட்டித் தேன் கலந்து, மண்பானையோடு ஓடைத் தண்ணீரில் இறக்கி வைத்தாள். மத்தியானம் பேரிக்காயைக் காகிதம் போலச் சீவி, பூவாக வெட்டி மிதக்கவிட்டாள். மேலே பைன் மரத்துக் கொட்டை நாலைந்து. ஹ்வாச்சே என்று அதற்கு முறையான பெயர் இருக்கிறது. விசேஷ வீடுகளில் பெரியவர்களுக்கு முன்னால் வைக்கிற பானம். சுரங்கத்துக்காரர்கள் அந்தப் பெயரை மதிக்கவில்லை. "சிவப்புத் தண்ணி இன்னும் ஒரு கிண்ணம்" என்றுதான் கேட்டார்கள். கரி அப்பிய முகங்களில் உதடு மட்டும் ஈரமாகச் சிவந்திருந்தது. குடித்தபிறகு சோறும் இறங்கியது.

மருந்துக்கடைப் பழம் அந்த மாசமே தீர்ந்துபோயிற்று. செப்டம்பரில் ஒருநாள் விடிகாலை பின்வாசலைத் திறந்தால் படியில் ஒரு சாக்கு. உள்ளே புதுசாகப் பறித்த ஓமிஜா, சின்னச் சின்னத் திராட்சைக் கொத்துப்போல, பனி ஈரம் காயாமல். அது தோட்டத்தில் விளைகிற பழம் இல்லை. மேலே மலையின் செங்குத்தான பள்ளங்களில், மரத்தில் சுற்றிய காட்டுக்கொடியில் காய்ப்பது. விடுமுறை நாளில் யாரோ மெனக்கெட்டு ஏறிப் பறித்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குப் பிறகு இன்னொரு சாக்கு. அடுத்த வருஷமும் அதேமாதிரி.

யாராக இருக்கும் என்று பில்சுன் யோசித்தபோது அவள் மனசில் வந்த முகம் கூ ஜேமானுடையது. சுரங்க ஆபீசில் அரிசி, சோப்பு பங்கிடுகிற குமாஸ்தா. சட்டைக் காலர் எப்போதும் வெள்ளை. நன்றாகச் சிரிக்கத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரைக்குமேல் வேலை பார்க்கிறவன். ஒருநாள் கிண்ணத்தை வைத்தபடியே கேட்டுவிட்டாள்.

"மலையேறப் போறவங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன? கூட ரெண்டு சோத்து உருண்டை கட்டிக் குடுத்திருப்பேன்ல."

ஜேமான் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் கிண்ணத்தில் பேரிக்காய்ப் பூ ஒன்று கூடுதலாக மிதந்தது. முதலாளியம்மா கல்யாணத் துணி பற்றிக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில்தான் விஷயம் உடைந்தது. தங்கை கல்யாணத்துக்கு ஜேமான் தேகு நகரத்துக்குப் போயிருந்தான், வாரம் முழுக்க. அந்த வாரம் படியில் சாக்கு வந்து உட்கார்ந்திருந்தது. பில்சுன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் கண்ணில் படாதது அன்றைக்குப் பட்டது. சாக்கின் வாயை மஞ்சள் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். வெடித்திரியோடு வருகிற கம்பி. வெடிக்கூட்டத்து ஆட்கள் மிச்சத்தைச் சேர்த்துவைத்து எதையாவது கட்டுவார்கள். ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அது ஏது?

மத்தியானம் கிண்ணங்களை வைத்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சாங்பே தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தான். முன்கையில் முள் கீறின கோடுகள், இன்னும் பொருக்கு உதிரவில்லை. அவள் முன்னால் வந்து நின்றதும் காது இரண்டும் கிண்ணத்தில் இருந்ததைவிடச் சிவப்பாகிவிட்டன.

"நீயா?"

தலையாட்டினான்.

"மூணு வருஷமா?"

மறுபடியும் தலையாட்டல்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்கு வேற ஒருத்தனுக்குப் பூ வெட்டி மெதக்க விட்டுட்டு இருந்திருக்கேன். வேடிக்க பாத்தியா உக்காந்து?"

"நீங்கதான்... சொன்னீங்களே. சுரங்கத்துக்குள்ள எறங்குறவன் வேணாம்னு."

"அப்ப பழம் மட்டும் எதுக்குக் கொண்டாந்த?"

சாங்பே கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அது மேலதான வெளையுது."

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள். பில்சுன் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அன்று மாலைச் சோற்றில் உப்பு இரண்டுமுறை விழுந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தேகுவிலிருந்து திரும்பிய ஜேமானை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"நான்தான்னு எப்பவாவது சொன்னேனா?" என்றான் அவன். "நீயா கேட்ட, நான் சிரிச்சேன். சிரிச்சது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. அந்தச் சிரிப்ப எடுத்துக்கிட்டு வேற மெஸ்ஸுக்குப் போயிரு."

அதற்காக அவள் சாங்பேயிடம் ஓடிவிடவில்லை. கோபம் இருவர் மேலும் இருந்தது, தன்மேலும் இருந்தது. அதற்கெல்லாம் அடியில் பயம். ராத்திரி படுத்தால் அலைச்சத்தம் கேட்டது, கடல் அத்தனை மலைக்கு அப்பால் இருந்தபோதும். அவனுக்குச் சோறு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அவனும் கேட்கவில்லை. குளிர் வந்தது, போனது. இடையில் ஒருநாள் சமையல்கட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தபோது, யாரும் சொல்லாமல் அவன் வந்து சரிசெய்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போனான். அவ்வளவுதான்.

ஜூன் மாசம் ஒரு மழைநாளில் உள்பாதையில் கூரை சரிந்தது. வெடிக்கூட்டத்தில் சிலர், சாங்பேயும் சேர்த்து, அதற்கு அப்பால் மாட்டிக்கொண்டார்கள். சங்கு ஊதியதும் தொழிலாளர் காலனிப் பெண்கள் எல்லாம் சுரங்க வாசலுக்கு ஓடி, கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப்பக்கம் சேற்றில் உட்கார்ந்துகொண்டார்கள். பில்சுன் மெஸ்ஸிலிருந்து பெரிய கெண்டியில் சிவப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். மண்ணை அள்ளுகிறவர்களுக்குக் கொடுக்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்தாள். மறுபடி போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். பெண்களோடு போய் உட்காரவில்லை, விளக்கு கொடுக்கிற அறையின் சுவரோரமாக நின்றாள். அங்கே உட்காருவதற்கு அவளுக்கு என்ன உரிமை?

மறுநாள் விடிகிற நேரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, முதுகில் பிள்ளையைக் கட்டியவள், திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் அங்க நிக்கிற? இங்க வா, எடம் இருக்கு."

"எனக்கு அவர் ஒண்ணும் ஆகலக்கா."

"நேத்துலேருந்து நின்ன எடத்துல நிக்கிற. அது போதாதா? வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவள் முழங்கால்மேல் கையை வைத்தாள், அப்படியே வைத்திருந்தாள்.

அன்று மதியத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் உறைக்காமலிருக்கக் கண்ணைத் துண்டால் கட்டியிருந்தார்கள். ஒருவன் உயிரோடு வரவில்லை. அது முதுகில் பிள்ளை கட்டியவளின் புருஷன் இல்லை, வேறொருத்தியின் புருஷன். அவளுடைய அழுகை ஓடைக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது. சாங்பேயைக் கட்டிலில் தூக்கிவந்தபோது அவன் உதடு வெடித்திருந்தது. டாக்டர், "ஏதாவது கொஞ்சமா, நாக்கு நனையறாப்பல குடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த கெண்டியை எடுத்து யாரோ மூடியில் ஊற்றினார்கள். பில்சுன் அதை வாங்கி அவன் வாயருகே பிடித்தாள். குடித்தான். கண்கட்டோடு முகம் அவள் பக்கம் திரும்பியது.

"தேன் கம்மி."

"அவசரத்துல கலக்குனது," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "கெடைச்சதக் குடி. வாயப் பாரு, இப்பதான் பேச வருது."

மழை பெய்துகொண்டிருந்ததால் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எல்லாரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவனே ஆரம்பித்தான். "நீங்க அன்னிக்கு... சொன்னது."

"சொன்னேன். இப்பவும் அதேதான் சொல்றேன். ஆனா என் பேச்ச நானே கேக்க மாட்டேங்கிறேன், என்ன பண்றது?"

அந்தக் குளிர்காலம் முதலாளியம்மா செலவில் கல்யாணம். அன்றிலிருந்து பில்சுன் அவனை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாள், கோபம் வந்தால் மட்டும் பழைய 'நீ'. அவனோ பழைய 'நீங்க'வை விடவே இல்லை. காலனியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். குழந்தை தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போயிற்று, பிறகு வரவில்லை. அதைப் பற்றி இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அந்த நாட்களில் அவன் வேலைவிட்டு வந்ததும் குளிக்காமல்கூட அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். படுக்கையெல்லாம் கரியாகும். அவளும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

வருஷங்கள் அப்படி ஓடின. எண்ணெயும் எரிவாயுவும் வந்தபிறகு கரியைக் கேட்பாரில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் மூடின. காலனி வீடுகள் காலியாகிக் கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டன. இழப்பீடாக வந்ததை வைத்து தோங்னோ பக்கம் மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அங்கே அப்போது காட்டு ஓமிஜாவைப் பந்தலில் ஏற்றி வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். சாங்பேக்கு அந்தக் கொடி எங்கே நிழல் கேட்கும், எங்கே காற்று கேட்கும் என்பதெல்லாம் தெரியும். கம்பம் நட்டான், கம்பி இழுத்தான். முதல் காய்ப்பு வந்த வருஷம், ஒரு கம்பம் நடுவதற்குள் இரண்டுமுறை உட்கார வேண்டியிருந்தது அவனுக்கு. மூச்சு வாங்கியது.

கரித்தூசி நுரையீரலில் படிந்து கல்லாகிவிட்டது என்றார்கள். சுரங்கத்துக்காரர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரி, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். அங்கே சேர்த்தாள். அந்த அறையில் இருந்த எல்லாருமே ஏதோ ஒரு சுரங்கத்தில் இறங்கியவர்கள். எல்லார் மூக்கிலும் குழாய், சுவரில் ஆக்சிஜன் கொப்பளிக்கிற சத்தம். ஜன்னலைப் பார்த்துப் படுத்திருப்பார்கள்.

முதல்முறை போனபோது ஒரு ஜாடியில் ஹ்வாச்சே கொண்டுபோனாள். சாங்பே ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினான். அங்கிருந்து அது அடுத்த கட்டிலுக்குப் போயிற்று. தலைமை நர்ஸ் யோம் உள்ளே வந்தபோது அறை முழுக்கச் சிவந்த உதடுகள்.

"யார் இத உள்ள விட்டது? இங்க பாதிப் பேருக்குச் சர்க்கர இருக்கு, தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றாள் பில்சுன். "யார் யாருக்குன்னு கையக் காட்டுங்க."

அடுத்தமுறை இரண்டு ஜாடி வந்தது. ஒன்றில் சிவப்பு நூல், தேன் போட்டது. இன்னொன்றில் வெள்ளை நூல், தேன் கிடையாது. சர்க்கரைக்காரர்களில் கிதே என்று ஒருவர், வாய்நீளம். வெள்ளை நூல் ஜாடியில் ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"அம்மா, இது பழச்சாறா, இல்ல எம்மேல ஏதாச்சும் பழைய பகையா?"

"சுளிச்சா என்ன, உள்ள போச்சுல்ல?"

"போச்சு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அந்தப் பகையத் தீத்துக்கிறேன்."

சிரித்தால் அவர்களுக்கு இருமல் வரும். இருமிக்கொண்டே சிரித்தார்கள். நர்ஸ் யோம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். பிறகு நர்ஸ் அறைக் குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டு அந்த ஜாடிகளுக்கென்றே காலியாக இருந்தது.

ஒருநாள் மே மாசம், சாங்பே அவள் கையைப் பிடித்து இழுத்தான். இப்போதெல்லாம் திக்குவது நாக்கால் இல்லை, மூச்சால்.

"பூத்திருக்கா?"

"பூத்திருக்கு. பந்தல் பூரா வெள்ள."

"நான் வந்து... பாக்கணும்."

டாக்டரைக் கேட்டாள். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் மூச்சுத் திணறினால் உடனே கொண்டுவர வண்டி வேண்டும், மலையில் ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்றார். பில்சுன் வீட்டுக்கு வருகிற வழியிலேயே, பஸ்ஸிலிருந்து இடையில் இறங்கி, டிரைவிங் ஸ்கூலில் பெயரைக் கொடுத்தாள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

எழுத்துப் பரீட்சையில் தோற்றாள். மறுபடி தோற்றாள். பந்தலுக்கடியில் களை பிடுங்கிக்கொண்டே, மஞ்சள் கோடு, வெள்ளைக் கோடு என்று வாய்விட்டுப் படித்தாள். ஒருவழியாக அதில் தேறியதும் மைதானத்தில் வண்டி. கற்றுக்கொடுத்தவன் பொறுமைசாலி, ஆனால் அவனுக்கும் எல்லை இருந்தது.

"அம்மா, ஏன் நடுவுல நிறுத்துனீங்க?"

"எதுத்தாப்பல லாரி. அவன் போகட்டும்னு."

"அந்த லாரி காலையிலேருந்து அங்கதான் நிக்குது. டிரைவர் சாப்பிடப் போயிருக்கான்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? நானா பாத்தேன் அவன் எங்க போனான்னு."

மேட்டில் நிறுத்தி எடுக்கிற இடத்தில் வண்டி பின்னால் உருண்டுகொண்டே போகும். எத்தனைமுறை என்று கேட்டால் அவளே சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மே போய், அந்தப் பூவெல்லாம் உதிர்ந்து, காய் பச்சையாகத் தொங்கி, அது சிவக்கிற நேரத்தில்தான் கையில் லைசென்ஸ் வந்தது. பழைய சின்ன லாரி ஒன்றைப் பேசி முடித்தாள். முன்சீட்டில் மெத்தை போட்டு, சிலிண்டர் சாயாமலிருக்கப் பக்கத்தில் அரிசிமூட்டையை முட்டுக்கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள், இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு.

அறை ஆட்கள் ஜன்னலில் குவிந்து பார்த்தார்கள். கிதே மேலேயிருந்து குரல் கொடுத்தார். "சாங்பே, நல்லா யோசிச்சுக்க. சுரங்கத்துலயே தப்பிச்சவன் நீ."

சாங்பே ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். மலைப்பாதை முழுக்க அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. மலைக்கணவாயின் உச்சியில் ஒரு வளைவு, அதைக் கடந்ததும் அவன் மெல்லக் கேட்டான்.

"மூச்சு விடுறீங்களா?"

"என்னது?"

"நீங்க. ஏறுனதுலேருந்து நீங்க மூச்சே விடல."

அப்போதுதான் விட்டாள். இருவரும் சிரித்தார்கள், அவன் இருமினான், அவள் ஓரமாக நிறுத்திவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

அந்த அறுவடைக்கு அவன் பந்தலுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் கொத்துகளைப் பறித்து மடியில் போடப்போட, இலையையும் அழுகலையும் கிள்ளி எறிந்தான். நாள் முழுக்க ஒரு கூடைதான் ஆகும். அதை யாருக்கும் விற்கமாட்டாள். அதைத்தான் ஊறப்போட்டாள், வீட்டுக்கும் ஆஸ்பத்திரி அறைக்கும். அடுத்த வருஷமும் அவன் உட்கார்ந்தான். அதற்கடுத்த வருஷம் நாற்காலி போய், பந்தலுக்கடியில் பாய் வந்தது. பொழுது சாயும் முன்னால், சிவந்த கொத்துகளினூடே வெளிச்சம் இறங்கும்போது, அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பான். அந்த 'ஒண்ணுமில்ல' ஒருபோதும் திக்கியதில்லை.

மறுவருஷம் மே மாசம், சாப்பாட்டுக்குப் பிறகு, அடியில் சூடேற்றிய வெதுவெதுப்பான தரையில் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவன் கையைத் தொட்டுப் பார்த்த பில்சுன், சாவியைக் கீழே வைத்தாள். தலையணையைச் சரிசெய்தாள். முதலில் நர்ஸ் யோமுக்குத்தான் போன் செய்தாள், உறவுக்காரர்களுக்கு அப்புறம்தான்.

ஒரு வருஷம் கழிந்து திதி வந்தது. சாங்பேயின் பெரியப்பா மகன் ஊரிலிருந்து வந்து படையலை மேற்பார்வை பார்த்தார். மீன் எந்தப் பக்கம், இறைச்சி எந்தப் பக்கம், சிவப்புப் பழம் எங்கே, வெள்ளைப் பழம் எங்கே என்று எல்லாவற்றிலும் அவருக்கு முறை உண்டு. பில்சுன் நடுவில் கொண்டுவந்து வைத்த கிண்ணத்தைப் பார்த்ததும் புருவம் ஏறிற்று.

"இதென்ன தம்பி பொண்டாட்டி? அரிசிப் பானம்தான வைக்கணும். இப்படி ஒரு வழக்கம் நம்ம வீட்டுல கெடையாதே."

"உங்க வீட்டுல கெடையாது மாமா. இவருக்கு உண்டு."

கிண்ணம் அங்கேயே இருந்தது. கும்பிட்டு முடிந்து படையலைப் பகிர்ந்து சாப்பிடும்போது, அவர் கை முதலில் போனது அந்தக் கிண்ணத்துக்குத்தான். குடித்தார். பேரிக்காயையும் மென்று விழுங்கினார்.

"இன்னும் இருக்கா?"

"ஜாடியில இருக்கு. ஆனா அதுல பாதி ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரியில இப்ப யாரு இருக்கா உனக்கு?"

"கிதே அண்ணன் இருக்காரு. புதுசா ரெண்டு பேரு வந்திருக்காங்க, பேரு இன்னும் மனசுல நிக்கல."

அவருக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சிவப்பு நூலும் வெள்ளை நூலும் கட்டிய ஜாடிகளைத் துணியில் சுற்றி லாரியின் முன்சீட்டில் வைத்தாள். அவர் வாசலில் நின்று, தானும் வருவதாகச் சொன்னார், பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டால் போதும் என்று. அவர் ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். முற்றத்துச் சீமைப்பனிச்சைப் பழமரத்தில் லேசாக இடித்தது, மேலேயிருந்து நாலு இலை விழுந்தது.

"பாத்து," என்றார் பெரியவர், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு.

"பாத்துட்டுதான் இருக்கேன் மாமா. அந்த மரம்தான் குறுக்க நிக்குது," என்றாள் பில்சுன், கியரை மாற்றி வண்டியைப் பாதையில் இறக்கினாள்.